தாம்பாளமும் மலைக்கண்ணும்

என் வீட்டு மாடியில் குடியிருக்கும் இளம் என்ஜினியர் வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு ஃப்ளாட் சார்" என்பார். அசதியில் படுக்கப் போகிறார் என்று பொருள். அவருடைய நண்பன் யாரோ ஒரு பெண்ணைப் பார்த்து "ஃப்ளாட் ஆயிட்டான்" என்பார். அது காதல். புதுப்படம் "ஃப்ளாட்டா போவுது" என்றால் பார்க்க வேண்டியதில்லை. தூக்கம், காதல், சலிப்பு மூன்றையும் ஒரே சொல்லில் சமாளிக்கிறார்கள். போன வாரம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, "உங்க காலத்துல இந்த மாதிரி வார்த்தைலாம் இருந்திருக்காது இல்ல சார்?" என்று பரிதாபமாக ஒரு கேள்வி கேட்டார். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. தட்டையான விஷயத்தில் எங்களை மிஞ்ச இனிமேல் ஒருவன் பிறந்து வர வேண்டும். நாங்கள் சாப்பிட்ட சோறே அதில் வந்ததுதான்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் பாசன வேலை பார்க்கும் இலாகா ஒன்றில் சேர்ந்தேன். ஏரிக்கும் வாய்க்காலுக்கும் தரையின் ஏற்ற இறக்கத்தை அளந்து சொல்லும் கோஷ்டி எங்களுடையது. அதை மட்டம் பார்ப்பது, மட்டம் போடுவது என்று சொல்வோம். செஞ்சிதான் சொந்த ஊர், முதல் வேலையும் அங்கேயே அமைந்தது. எங்கள் நைனாவிடம் போய்ச் சொன்னேன்.

"இன்னா வேலைடா?"

"மட்டம் போடுற வேலை நைனா."

"பள்ளிக்கூடத்துல அதுக்குத்தான உன்ன அடிச்சாங்க? இப்ப அதுக்கே சம்பளமா?" என்று கேட்டுவிட்டு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லைக்குப் போய்விட்டார். நைனா கடைசிவரை அந்தக் கேள்வியை விடவில்லை. உறவினர் யார் வந்தாலும் கேட்டுக் காட்டுவார்.

பயிற்சி என்று சில மாதங்கள் வெளியூரில் வைத்திருந்தார்கள். கரும்பலகையில் கருவியின் படம் போட்டு அம்புக்குறி இட்டுக் காட்டினார்கள். கருவியைத் தொடவிட்டது கடைசி வாரத்தில். அந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

கோஷ்டியில் நாங்கள் மூன்று பேர். சூப்பர்வைசர் கல்யாணசுந்தரம் சார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். அளவுகோலைப் பிடிக்கிறவர் செஞ்சி பஜாருக்குப் பின்தெருவில் குடியிருந்த காதர் பாய். படித்த எண்ணை எழுதிக் கணக்குப் போடுகிறவன் நான். கருவி என்பது மூன்று கால்மேல் நிற்கும் ஒரு தொலைநோக்கி. அதன் தலையில் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் ஒரு காற்றுக் குமிழ். குமிழ் நடுவில் உட்கார்ந்தால் தொலைநோக்கி மட்டமாக இருக்கிறது. பிறகு தூரத்தில் பாய் நிறுத்தியிருக்கும் கோலில் எந்த எண் தெரிகிறது என்று பார்த்தால், அவர் நிற்கும் தரை எவ்வளவு தாழ்வு என்று வந்துவிடும். அந்தக் காலத்துத் தொலைநோக்கியில் உலகம் தலைகீழாகத் தெரியும். காதர் பாயை நான் நேராகப் பார்த்ததைவிடத் தலைகீழாகப் பார்த்ததுதான் அதிகம். வானத்தில் கால் ஊன்றி, பீடியைக் கீழ்நோக்கி ஊதிக்கொண்டு நிற்பார்.

வெயிலில் நாள் முழுக்க இதையே செய்கிறவர்களுக்குப் பேச்சில் வேறென்ன வரும்? ஏற்ற இறக்கமே இல்லாத நிலத்துக்குத் 'தாம்பாளம்' என்று பெயர். வாய்க்காலில் தண்ணீர் நகராமல் நின்றுவிட்டால் 'பாய் விரிச்சுடுச்சு'. அதையே மத்தியானம் புளியமரத்தடியில் கண்ணசருகிறவனுக்கும் சொல்வோம், நின்றுபோன கல்யாணப் பேச்சுக்கும் சொல்வோம். மேலதிகாரி வந்து திட்டிவிட்டுப் போனால் நாங்கள் 'சப்பட்டை'. எந்தப் பக்கம் திருப்பிப் போட்டாலும் வேகிற ஆள் 'தோசை'. ஊருக்கு ஊர் ஒரு தோசை இருப்பார், காலையில் எங்களிடம் ஒன்று சொல்லிவிட்டு மாலையில் எதிர்க்கட்சியிடம் வேறொன்று சொல்வார். வீட்டில் சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வருகிறவனுக்கு 'குமிழ் உக்காரல'. அன்றைக்கு அவனிடம் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டோம். இந்தச் சொற்களில் பாதி காதர் பாய் உண்டாக்கியவை. மீதி எங்கிருந்து வந்தன என்று எங்களுக்கே தெரியாது.

'மலைக்கண்' மட்டும் கல்யாணசுந்தரம் சார் கொடுத்தது. செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்மலை நிற்கிறது. அவற்றைப் பார்த்துப் பார்த்து இங்கே பிறந்தவர்களின் கண் கெட்டுவிட்டது என்பது அவர் கட்சி. "மலையடியில தரை தன்னால தூக்கிக்கிட்டு நிக்கும்ப்பா. அதுலயே புழங்கின கண்ணுக்கு எது மேடு, எது பள்ளம்னு பிடிபடாது. எங்க ஊர்ல சாண் ஏத்தத்தை நின்ன எடத்துலேருந்து சொல்லிடுவோம்" என்பார். காதர் பாய்க்கு இது பிடிக்காது. "அப்ப கருவி எதுக்கு சார், நீங்களே நின்னு சொல்லிடுங்க" என்பார். சார் சிரிக்கமாட்டார். கோபமும் பட மாட்டார். அதனால் அவருக்கே நாங்கள் தாம்பாளம் என்று பெயர் வைத்திருந்தோம். அது அவருக்குத் தெரியும் என்பது அவர் மாற்றலாகிப் போகிற அன்று தெரிந்தது. பஸ்ஸில் ஏறிக்கொண்டே, "தாம்பாளம் போயிட்டு வரேன்ப்பா" என்றார். நானும் பாயும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றோம்.

அவர் கருவியை நிறுத்துவதைப் பார்க்க வேண்டும். மூன்று காலையும் விரித்து, ஒவ்வொன்றாக மிதித்து இறக்குவார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார், அது திருகாணியில் பட்டுவிடக்கூடாதாம். இரண்டு திருகாணிகளை இரண்டு கையாலும் ஒன்றாக உள்பக்கம் திருப்புவார், அல்லது ஒன்றாக வெளிப்பக்கம். குமிழ் நடுவுக்கு வந்ததும் கையை எடுத்துவிட்டு ஒரு வெற்றிலை போடுவார். வெற்றிலை மென்று முடிகிறவரை குமிழ் அசையாமல் இருந்தால்தான் தொலைநோக்கியில் கண்ணை வைப்பார். பிறகு கையை உயர்த்துவார். பாய் கோலை மெதுவாக முன்னும் பின்னும் சாய்ப்பார். எண் ஏறும், இறங்கும். அதில் மிகக் குறைந்த எண்தான் சரி, கோல் நேராக நிற்கும்போதுதான் அது வரும். வேலை முடிந்ததும் புறப்பட்ட அடையாளக் கல்லுக்கே திரும்பி வந்து மறுபடி படிப்பார். புறப்பட்ட கணக்கும் திரும்பிய கணக்கும் ஒத்துப்போவதை 'முட்டுவது' என்போம். முட்டாவிட்டால் அன்றைய வேலை முழுவதையும் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். முதுகு ஒடியும். ஆனாலும் அவர்மேல் எரிச்சல் வராது, ஏனென்றால் நமக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்து நிற்பார்.

சாருக்கும் குறைகள் உண்டு. குரங்கென்றால் நடுங்குவார். கோட்டைப் பக்கம் வேலையென்றால் கருவிப் பெட்டியைவிட அவர் சாப்பாட்டுத் தூக்கைக் காப்பாற்றுவதுதான் எங்களுக்குப் பெரிய வேலை.

இனி முனியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

செஞ்சிப் பக்கத்து வல்லத்துக்கு மேற்கே ஒரு கிராமம். அங்கே ஏரி நிரம்பினால் மிஞ்சின தண்ணீர் கலங்கல் வழியாக ஓடையில் விழுந்து வீணாகப் போகும். மலையைச் சுற்றினாற்போல அந்தப் பக்கம் ஒரு சின்ன ஏரி, அதை நம்பிக் கொஞ்சம் நஞ்சை. பெரிய ஏரி நிரம்பி வழியும், சின்ன ஏரி காய்ந்து கிடக்கும். மலையடியை ஒட்டி ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீரைக் கொண்டுபோய்விடலாம் என்று அளந்து சொன்னார் சார். சரிவு இருந்தது, ஆனால் இல்லாத மாதிரி இருந்தது. எங்கள் பாஷையில் தாம்பாளத்துக்கு ஒரு நூல் கீழே. ஊர் நாட்டாமை சிரித்தார். "மேட்டு மேல தண்ணி ஏத்தப் போறாராம் தஞ்சாவூர்க்காரு" என்று டீக்கடையில் சொன்னார்.

வாய்க்கால் போக வேண்டிய வழியில் முனியம்மாவின் கொல்லை இருந்தது. முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் பெங்களூரில் கட்டட வேலை. சின்ன ஏரிக்குக் கீழே ஒரு துண்டு நஞ்சையும் அவளுக்கு உண்டு. மல்லாட்டை போட்டிருந்த கொல்லையை நடுவில் பிளந்துகொண்டு வாய்க்கால் போக வேண்டும். அவள் மச்சாண்டார், புருஷனுடைய அண்ணன், கூடாது என்றார். அவளே சாரிடம் நேராக வந்தாள்.

"அய்யா, நெசமா தண்ணி வருமா?"

"வரும்மா."

"எங்க மச்சாண்டாரு வராதுன்றாரு. ஊரே வராதுன்னுது. நீங்க சொல்லுங்க."

"வரும்மா. வரலன்னா நான் பொறுப்பு."

அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறவர் வாயில் 'நான் பொறுப்பு' என்ற சொல்லை நான் கேட்டது அன்று ஒரு முறைதான். முனியம்மா நிலத்தை விட்டுக்கொடுத்தாள். மச்சாண்டார் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார். "ஒரு குச்சியக் காட்டி ஒருத்தன் சொன்னான்னு நெலத்த வெட்டிக் குடுத்துட்டா" என்று ஊரெல்லாம் சொன்னார்.

வழிநெடுகச் சின்ன மரமுளைகள் அடித்தோம். முளையின் தலையிலிருந்து எவ்வளவு ஆழம் வெட்ட வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் சொல்லிக்கொடுத்தோம். ஊர்க்காரர்களே கூடி வெட்டுவதாக ஏற்பாடு. நாங்கள் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டோம்.

ஐப்பசி மழையில் பெரிய ஏரி நிரம்பியது. கலங்கல் வழிகிறது என்று ஆள் வந்து சொன்னதும் மூவரும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் அமாவாசைக் கூட்டத்து பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனோம். இறங்கி நடந்தால் வாய்க்காலில் தண்ணீர் பாதி தூரம் வந்து, முனியம்மா கொல்லைக்கு இந்தப் பக்கமே நின்றிருந்தது. அசைவில்லை. மேகம் அதில் தெரிந்தது. காதர் பாய் என் காதருகே, "பாய் விரிச்சுடுச்சு தம்பி" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லி நாங்கள் சிரிக்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.

கரையில் நாட்டாமை, மச்சாண்டார், இன்னும் பத்துப் பேர். மச்சாண்டார் சாரைப் பார்த்துக் கேட்கவில்லை, முனியம்மாவைப் பார்த்துக் கேட்டார். "இன்னாமே, வந்துடுச்சா உன் தண்ணி? நாத்து காயுது. கொல்லையும் போச்சு. தம்பி பெங்களூர்லருந்து வந்தா இன்னா சொல்லுவ?"

சின்ன ஏரிக்குக் கீழே அவள் விட்டிருந்த நாற்று மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கலங்கல் எத்தனை நாள் வழியும் என்று சொல்ல முடியாது. மழை நின்றால் அதுவும் நிற்கும். அவள் தலை குனிந்து நின்றது என்னை என்னவோ செய்தது. சார்மேல்கூட ஒரு நொடி எனக்குச் சந்தேகம் வந்தது. இப்போது சொல்வதில் என்ன?

சார் முகம் தாம்பாளமாகவே இருந்தது. "கருவிய எடுப்பா" என்றார்.

கலங்கல் பக்கத்துப் பாறையில் நாங்கள் வெட்டி வைத்திருந்த குறியிலிருந்து தொடங்கினோம். அவர் கடிகாரத்தைக் கழற்றினார், வெற்றிலை போட்டார். ஊர் முழுக்கப் பொறுமையில்லாமல் நிற்கிறது, மனிதர் வெற்றிலை மெல்லுகிறார். ஒவ்வொரு முளையாகப் போனோம். முதல் முளை சரி. அடுத்தது சரி. நாட்டாமை பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். முனியம்மா கொல்லைக்குள் நுழைந்ததும் சார் தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"பாய், கோல ஆட்டுங்க."

பாய் ஆட்டினார். சார் அடுத்த முளைக்குப் போகச் சொன்னார். அதற்கடுத்ததற்கும். பிறகு கருவியிலிருந்து விலகி அந்த மூன்று முளைகளையும் குந்தி உட்கார்ந்து பார்த்தார்.

"இந்த மூணு முளை மட்டும் வளந்திருக்கே" என்றார்.

அப்போது முனியம்மா அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான்யா புடுங்கி மேல தூக்கி அடிச்சேன்."

அந்த இடத்தில் மலையடித் தரை தூக்கிக்கொண்டு நிற்கிறது. தரை ஏறும்போது வாய்க்காலின் அடி ஏறாமல் அப்படியே போக வேண்டுமென்றால், வெட்டு ஆழமாகிக்கொண்டேதான் போகும். வேறிடத்தில் முழங்கால் ஆழம் வெட்டியவர்கள் அங்கே மார்பளவு இறங்க வேண்டியிருந்தது. கரையில் நின்று பார்த்தவர்களுக்கு வாய்க்கால் கிணறாக இறங்குவதுபோலத் தெரிந்திருக்கிறது. கிணற்றுக்குள் விழுந்த தண்ணீர் அந்தப் பக்கம் எப்படி ஏறும்?

"அய்யா வெளியூரு, மலைப்பக்கம் தெரியாது, பாவம் தப்பா சொல்லிட்டாருன்னு நெனச்சேன். அப்படியே வெட்டி வுட்டா ஊரு உங்களத்தான சிரிக்கும்? அதான் வெட்டிட்டு எல்லாரும் போனப்புறம் ரெண்டு நாளு நானே கூடைல மண்ணக் கொண்டாந்து கொட்டி, மேடு பண்ணேன். முளை அங்கியே இருந்தா ஆழம் கொறஞ்சது உங்களுக்குத் தெரிஞ்சு சங்கடமாப் போயிடும்னு அதையும் தூக்கி அடிச்சுட்டேன்."

தன் கையாலேயே அவள் தண்ணீருக்கு அணை போட்டிருக்கிறாள். அதுவும் சாரைக் காப்பாற்றுவதற்காக! மச்சாண்டார் வாயைத் திறந்தார். சார் அவரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"ஏம்மா, எனக்காகவா இவ்வளவு மண்ணு சொமந்த?" என்றார். அந்த முகத்தில் முதல் தடவையாக ஏற்ற இறக்கம் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். "மம்பட்டி எங்க?"

அவருக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது. இரண்டு வெட்டில் கை கொப்பளித்துவிட்டது. ஆனால் சூப்பர்வைசர் வாய்க்காலில் இறங்கிய பிறகு ஊர் கரையில் நிற்குமா? காதர் பாய் கோலைக் கீழே போடாமல் தோளில் சாய்த்துக்கொண்டே ஒரு கையால் மண் தள்ளினார். மச்சாண்டார் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, எல்லோரையும்விட வேகமாக வெட்டினார். வெட்ட வெட்ட நான் கருவியில் பார்த்துச் சொன்னேன், சார் மறுபடி வெளியே வந்து ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொண்டார்.

கடைசி மண்ணை எடுத்தபோது பெரிய ஓட்டம் எதுவும் நடக்கவில்லை. தண்ணீர் மெதுவாக வந்து அந்த வெட்டில் பரவி நின்றது. நின்ற மாதிரிதான் இருந்தது. "மறுபடி படுத்துடுச்சு" என்றார் நாட்டாமை. சார் கரையில் கிடந்த ஒரு மல்லாட்டைத் தோலை எடுத்துத் தண்ணீரில் போட்டார். தோல் அங்கேயே இருந்தது. பிறகு அது லேசாகத் திரும்பியது. திரும்பி, சின்ன ஏரிப் பக்கமாக, அவசரமே இல்லாமல் போகத் தொடங்கியது. முனியம்மா அதற்குப் பக்கத்திலேயே கரைமேல் நடந்தாள். அது நின்றால் நின்றாள், போனால் போனாள். கொல்லை தாண்டி, மலை மூலை திரும்பி, சின்ன ஏரிக்குள் அது போய் விழுகிறவரை அப்படியே போனாள். அங்கே போனதும் தரையில் உட்கார்ந்து, முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். மச்சாண்டார் தூரத்தில் நின்றபடி, "அழுவாதமே, அதான் வந்துடுச்சுல்ல" என்றார். அவர்களுக்குள் பேச்சு திரும்பியது அப்படித்தான்.

சில வாரம் கழித்து மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு வேலை. சரிவு போதுமா போதாதா என்று எனக்கும் சாருக்கும் வாக்குவாதம். கோலைப் பிடித்துக்கொண்டிருந்த காதர் பாய் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "முனியம்மா அளவு இருக்குதா சார்?"

சார் கணக்கைப் பார்த்தார். "இருக்குது பாய்."

"அப்ப போவும்."

அவ்வளவுதான், அந்தச் சொல் எங்கள் கோஷ்டியில் ஒட்டிக்கொண்டது. சார் மாற்றலாகிப் போன இடத்துக்கு அது அவரோடு போனது. நான் போன இடங்களுக்கு என்னோடு வந்தது. யார் யார் எங்கெங்கே கொண்டுபோனார்களோ, தெரியாது.

பல வருடம் கழித்துத் தெற்கே ஒரு மாவட்டத்தில் நான் கோஷ்டிக்குத் தலைமையாக இருந்தேன். புதிதாக மாற்றலாகி வந்த ஓர் இளைஞர் கணக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "ஒரு முனியம்மா இருக்கு சார். தாராளமாப் போகும்."

நான் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை. தெரியாதவன் மாதிரி, "முனியம்மான்னா என்னப்பா?" என்று கேட்டேன்.

"கண்ணுக்குத் தெரியாது சார், தண்ணிக்குத் தெரியும். அவ்வளவு சரிவு."

"யாரு அந்த அம்மா?"

"அம்மாலாம் இல்ல சார், அது ஒரு அளவு. வெள்ளைக்காரன் காலத்துலேருந்து இருக்கு" என்றார் உறுதியாக.

நான் திருத்தவில்லை. லீவு போட்டுவிட்டுச் செஞ்சிக்கு வந்தேன். வல்லம் பஸ் பிடித்து, இறங்கி நடந்தேன். முனியம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. வாய்க்கால் கரையில் மல்லாட்டைச் செடி அலசிக்கொண்டிருந்தவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். அய்யா எப்படி இருக்கிறார் என்று முதலில் கேட்டாள். ஓய்வு பெற்றுச் சொந்த ஊரில் சௌக்கியமாக இருக்கிறார் என்றேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். எங்கெங்கேயோ, அவளைப் பார்த்தே இராத ஆட்கள், தண்ணீர் போகுமா என்று பார்க்க அவள் பெயரைச் சொல்லி அளக்கிறார்கள் என்றேன்.

அவளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "எம் பேரா? இன்னாத்துக்குத் தம்பி எம் பேரு, அய்யா பேர வெச்சிருக்கலாம்ல?"

"அவர் பேரு நீளம்மா."

சிரித்தாள். செடியைத் தண்ணீரில் முக்கி எடுத்து ஓரமாக வைத்தாள்.

"எம் பேரச் சொல்ற எடத்துலலாம் தண்ணி போய்ச் சேருதா தம்பி?"

"சேருதும்மா."

"ஒரு எடத்துல சேரலன்னாலும், எம் பேரச் சொல்ல வேணாம்னு சொல்லிடு. பாவம், எவளாவது நெலம் குடுத்திருப்பா."